ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்துவிட்டது. ஊசி போட்டுப் பார்க்கலாமா?

“என் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் தூங்கவில்லை” என்று தொடங்குகிறது கடிதம். எட்டுப் பக்கம். எழுதியவரின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 30. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டாவது வாரத்தில் ஒரு கரு கலைந்திருக்கிறது. இப்போது மீண்டும் கர்ப்பம். வீடு மாற்றும் அலைச்சலில், மூன்றாம் மாதத்தில் செய்ய வேண்டிய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் விட்டுப்போயின. அதனால் நான்காம் மாதத்தில் மருத்துவர் ‘குவாட்ருபிள்’ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற வரிக்கு நேரே 140-இல் ஒன்று. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’.

அதன் பிறகு வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “99 சதவீதம் சரியாகச் சொல்கிற புது ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, அதைச் செய்தால் முடிந்தது” என்கிறார் கணவர். ஆனால் எதைக் கேட்டாலும் “நீயே முடிவு செய்” என்று நகர்ந்துவிடுகிறாராம். பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வயிற்றில் ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்கிறார் நாத்தனார். மாமியார் சொன்னது ஒரே வாக்கியம்: “எங்கள் பக்கத்தில் இப்படி யாரும் கிடையாது.” இதற்கு நடுவில், ஆறாவது வாரத்தில் காய்ச்சலுக்குத் தான் விழுங்கிய பாராசிட்டமால் மாத்திரைதான் காரணமோ என்று இவர் தன்னையே குடைந்துகொண்டிருக்கிறார். குழந்தையின் அசைவு இன்னும் தெரியவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. ரிப்போர்ட்டின் நகலையும் முதல் ஸ்கேன் தாளின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். அவற்றை அனுப்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் வாக்கியத்திலேயே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட்டும் அப்படிச் சொல்லவில்லை. அந்த ரத்தப் பரிசோதனை உங்கள் குழந்தையைப் பார்க்கவே இல்லை. உங்கள் ரத்தத்தில் உள்ள நான்கு பொருள்களை அளந்து, உங்கள் வயதையும் எடையையும் கர்ப்ப நாள்களையும் சேர்த்து, கணினியில் போட்ட ஒரு கணக்கு அது. யாரை மேற்கொண்டு சோதிக்கலாம் என்று பிரித்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. சல்லடை அரிசியைச் சமைத்துத் தராது அல்லவா?

நாங்கள் மருத்துவர்களும் இதில் குற்றவாளிகள்தான். பல ஆண்டுகளுக்கு முன், “உங்கள் பரிசோதனை பாசிட்டிவ்” என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவர் முகம் மலர்ந்து, “நல்லது டாக்டர்” என்று எழுந்து போய்விட்டார். வாசல் வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கியபோது, அந்த மலர்ந்த முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் தனியாகப் பயன்படுத்துவதில்லை. சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சடிப்பதும் என் கண்ணுக்கு அதே வகைதான்.

140-இல் ஒன்று என்றால் என்ன?

உங்களைப் போலவே அதே எண் வந்த 140 பெண்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம். 139 பேருடைய குழந்தைகளுக்கு இருக்காது. சதவீதத்தில் சொன்னால் 0.7. உங்கள் ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் எல்லைக்கோடு 250-இல் ஒன்று என்று போட்டிருக்கிறார்கள். வாய்ப்பு அதற்கு மேல் போனால் இயந்திரம் சிவப்பில் அச்சடிக்கும், அவ்வளவுதான். 245-இல் ஒன்று வந்த பெண்ணுக்குச் சிவப்பு. 255-இல் ஒன்று வந்தவருக்குக் கறுப்பு. இருவருக்கும் வித்தியாசம் அநேகமாக எதுவுமில்லை.

வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் 30 வயதுத் தாய்க்கு இந்த வாய்ப்பு ஏறத்தாழ 900-இல் ஒன்று. 35-இல் அது சுமார் 350-இல் ஒன்று, 40-இல் சுமார் 100-இல் ஒன்று. ஆக, உங்கள் எண் வயதுக்குரியதை விட உயர்ந்திருக்கிறது என்பது உண்மை. அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. ஆனால் உயர்ந்த பிறகும் அது 0.7 சதவீதம்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். குவாட்ருபிள் பரிசோதனை, டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடிக்கும். அதற்கு விலையாக, நல்ல கர்ப்பங்களிலும் 5 சதவீதம் பேரைத் தவறாகக் கூப்பிட்டுவிடும். பத்தாயிரம் கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டால், 700-இல் ஒன்று என்ற கணக்கில் சுமார் 14 குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். பரிசோதனை அவர்களில் 11 பேரைக் காட்டும். ஆனால் ‘ஹை ரிஸ்க்’ என்ற தாளுடன் வீட்டுக்குப் போகிறவர்கள் 500 பேருக்கு மேல். அந்த 500 வீடுகளிலும் தூக்கம் கெட்டிருக்கும்; 11 வீடுகளில்தான் அதற்கு உண்மையான காரணம் இருக்கும். மீதி மூன்று தாய்மார்கள் ‘லோ ரிஸ்க்’ தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார்கள். கறுப்பு எழுத்தும் உத்தரவாதம் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஊசிக்கு முன் தேதியைப் பாருங்கள்

இப்போது நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களுக்கு வருகிறேன். பெரும்பாலானோர் ரிப்போர்ட்டின் சிவப்பு வரியைப் படித்துவிட்டு மடித்துவைத்துவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பது மேல் மூலையில் இருக்கும் சின்ன எழுத்தை. ரத்தம் எடுத்த அன்று உங்கள் கர்ப்பம் 17 வாரம் 2 நாள் என்று அங்கே இருக்கிறது. அதற்கு ஆதாரம் ‘கடைசி மாதவிலக்குத் தேதி’ என்றும் இருக்கிறது.

உங்கள் முதல் ஸ்கேன் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாதவிலக்குக் கணக்குப்படி 9 வாரம் 6 நாளாக இருந்த அன்று எடுத்த ஸ்கேன் அது. கருவின் நீளத்தை அளந்தவர், 8 வாரம் 2 நாள் என்று எழுதியிருக்கிறார். பதினொரு நாள் வித்தியாசம். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்லும்போது, உங்களுக்கு மாதவிலக்கு எப்போதும் நாற்பது நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கை உங்களுக்கும் போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று மாதங்களில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் வயதுதான் நம்பகமானது. அதன்படி ரத்தம் எடுத்த அன்று உங்கள் கர்ப்பம் 15 வாரம் 5 நாள்.

இது ஏன் முக்கியம்? அந்த நான்கு பொருள்களின் அளவும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கல்லீரலில் உற்பத்தியாகும் ஏ.எஃப்.பி. என்ற புரதம், தாயின் ரத்தத்தில் இந்தக் கட்டத்தில் வாரத்துக்குச் சுமார் 15 சதவீதம் கூடும். ஈஸ்ட்ரியால் என்ற ஹார்மோனும் ஏறும். எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இறங்கும். நான்காவதான இன்ஹிபின்-ஏ மட்டும் நாள் கணக்கால் அவ்வளவாக மாறாது. ஆகவே உங்கள் அளவை அதே வாரத்தில் இருக்கும் மற்றப் பெண்களின் நடு அளவோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். எம்.ஓ.எம். என்று ரிப்போர்ட்டில் இருப்பது அந்த ஒப்பீடுதான். ஒன்று என்றால் சரியாக நடுவில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஏ.எஃப்.பி. 0.76, எச்.சி.ஜி. 1.8.

பதினைந்தாவது வாரத்துப் பெண்ணைப் பதினேழாவது வாரத்துப் பெண்களுக்கு நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஏ.எஃப்.பி. குறைந்து தெரியும். ஈஸ்ட்ரியாலும் குறைந்து தெரியும். எச்.சி.ஜி. கூடித் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பத்தில் தெரியும் கோலமும் இதேதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஏழாம் வகுப்பு வரிசையில் நிறுத்திவிட்டு, “உயரம் போதவில்லையே” என்று கவலைப்படுவதைப் போன்றது.

ஆகவே உங்கள் முதல் வேலை: இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஸ்கேன் தேதியை ஆய்வகத்துக்குக் கொடுத்து, அதே அளவுகளை வைத்து மறுகணக்குப் போடச் சொல்லுங்கள். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. 15 வாரம் முடிந்த பிறகுதான் எடுத்திருக்கிறார்கள் என்பதால் மாதிரி செல்லும். அப்படியே படிவத்தில் எழுதிய எடையையும் சரிபாருங்கள். உடல் எடை கூடினால் ரத்தத்தின் அளவும் கூடும், இந்தப் பொருள்கள் அதில் நீர்த்துப்போகும் என்பதால் எடையும் கணக்கில் வருகிறது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுவதும், வயிற்றில் இரட்டையர் இருப்பதும், செயற்கைக் கருத்தரிப்பும்கூட எண்ணை மாற்றும். உங்களுக்கு அவை எதுவும் இல்லை.

புதிய எண் என்ன வரும் என்று நான் ஊகித்துச் சொல்லப்போவதில்லை. வாய்ப்பு 250-இல் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடலாம். 140-க்குப் பக்கத்திலேயே நின்றும்விடலாம். நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் மீதிக் கடிதம்.

எண் மாறாவிட்டால் இருக்கும் வழிகள்

உங்கள் கணவர் சொல்லும் ‘புது ரத்தப் பரிசோதனை’யிலிருந்து தொடங்குகிறேன். என்.ஐ.பி.டி. என்று சொல்வார்கள். தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன என்று 1997-இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்ததிலிருந்து பிறந்தது இது. 2011-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். உங்கள் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் போதும். கருவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும் என்பதும் சரியே.

‘செய்தால் முடிந்தது’ என்பதுதான் சரியில்லை. குழந்தையின் டி.என்.ஏ. என்று எல்லோரும் சொல்கிறோம், மேலே நானும் சொல்லிவிட்டேன். உண்மையில் அது நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. குழந்தையும் நஞ்சுக்கொடியும் ஒரே கருமுட்டையிலிருந்து வந்தவை என்பதால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சில நேரங்களில் நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருக்கும். மிக அரிதாக நேர்மாறாகவும் நடக்கும். தொடக்கத்தில் இரட்டையாக இருந்து ஒன்று கரைந்துபோயிருந்தாலும் முடிவு தடுமாறும். தவறான எச்சரிக்கை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் 140-இல் ஒன்று என்ற எண் உள்ள பத்தாயிரம் பெண்களுக்கு இதைச் செய்தால், உண்மையாகக் காட்டுவது ஏறத்தாழ 70 பேரை. தவறாகக் காட்டுவது பத்துப் பேர் வரை. எட்டில் ஒருவர் பொய் எச்சரிக்கையில் மாட்டுகிறார். ஆகவே என்.ஐ.பி.டி.யும் ஒரு சல்லடைதான், கண்கள் மிக நுணுக்கமான சல்லடை. அதில் பாதகமாக வந்தால், அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பெரிய முடிவையும் எடுக்கக் கூடாது. ஊசிப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சாதகமாக வந்தால்? உங்கள் 0.7 சதவீதம் பல்லாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். பலருக்கு அதுவே போதும். டி.என்.ஏ. போதாமல் ‘முடிவு இல்லை’ என்று தாள் திரும்பி வருவதும் உண்டு. அப்படி வந்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது பனிக்குட நீர்ப் பரிசோதனை. உங்கள் நாத்தனார் பயப்படும் ஊசி. நடப்பதை அப்படியே சொல்கிறேன். தெரியாத ஊசிக்குத்தான் பயம் அதிகம். ஸ்கேன் செய்யும் மேஜையில் மல்லாந்து படுப்பீர்கள். வயிற்றைக் கிருமிநாசினியால் துடைப்பார்கள், சில்லென்று இருக்கும். ஒருவர் ஸ்கேன் கருவியைப் பிடித்துக் குழந்தை எங்கே இருக்கிறது, நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். திரையில் குழந்தையிலிருந்து தள்ளி ஓர் இருண்ட குளம் தெரியும். மெல்லிய நீண்ட ஊசி அந்தக் குளத்துக்குள் இறங்கும்போது திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். 15 முதல் 20 மில்லி வரை, வெளிறிய மஞ்சள் நிற நீரை உறிஞ்சுவார்கள். இந்த வாரங்களில் அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான், விரைவிலேயே திரும்ப ஊறிவிடும். ஊசி உள்ளே இருப்பது இரண்டு நிமிடத்துக்குள். மாதவிலக்கு வலிபோல ஓர் இழுப்பு இருக்கும். அந்த நீரில் மிதக்கும் குழந்தையின் செல்களில் குரோமோசோம்களை எண்ணுவார்கள். 21, 18, 13 ஆகிய முக்கியமான மூன்றுக்கு விரைவு முடிவு இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். முழு முடிவுக்கு இரண்டு வாரம் ஆகும்.

கரு கலையுமா? கலையும் வாய்ப்பு உண்டு. பழைய நூல்கள் நூற்றில் ஒன்று, இருநூறில் ஒன்று என்று பயமுறுத்தின. பழகிய கைகளில் செய்தால், ஊசியால் கூடுதலாக நேரும் இழப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை என்பதே இன்றைய மதிப்பீடு. அந்த வாரங்களில் ஊசி போடாதவர்களுக்கும் சில கருக்கள் கலைகின்றன என்பதை மறக்கக் கூடாது. முன்பு ஒரு கருவை இழந்தவர் நீங்கள். உங்கள் மனதில் இந்தச் சின்ன எண்ணின் எடை மற்றவர்களுக்கு இருப்பதை விடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பலவீனமாக நான் நினைக்கவில்லை. செய்யப்போகிறவரிடம், “இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? உங்கள் கையில் எத்தனை இழப்பு?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிக்கும் மருத்துவரிடம் இதைச் செய்துகொள்ளாதீர்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் ரத்த வகை ஏ நெகட்டிவ். ஊசிப் பரிசோதனை செய்துகொண்டால், ஆன்டி-டி ஊசியும் போட வேண்டியிருக்கும்; குழந்தையின் ரத்தம் உங்கள் ரத்தத்தில் சிறிது கலந்து, உங்கள் உடல் அதற்கு எதிராகக் கிளம்பிவிடாமல் இருக்க. மருத்துவருக்கு இது தெரியும் என்று விட்டுவிடாமல் நீங்களே ஒரு முறை சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்குப் பிறகு நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. யாரும் அதை உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை: மேற்கொண்டு எதுவும் செய்யாமல், 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனை மட்டும் பார்ப்பது. இதயம், முதுகெலும்பு, மூளை, குடல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள். அதில் எல்லாம் நன்றாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு குறையும். ஆனால் இல்லை என்று ஆகிவிடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பல குழந்தைகளின் ஸ்கேன் முற்றிலும் சாதாரணமாகவே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால், இதுவும் முழு மரியாதைக்குரிய வழிதான்.

எந்த வழியில் போவது? இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் உறுதி என்று வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? “எதுவானாலும் பெற்றுக்கொள்வேன்” என்று உங்கள் மனம் தயங்காமல் சொன்னால், கருவைச் சிறிதளவுகூட ஆபத்தில் வைக்கும் பரிசோதனைக்கு அவசரம் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் தயாராகலாம் என்று தோன்றினால், என்.ஐ.பி.டி.யும் விரிவான ஸ்கேனும் பெருமளவு போதும். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவே இதில்தான் இருக்கிறது என்றால், நேராகப் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்குப் போவதே நேரத்தைச் சேமிக்கும். சட்டம் அனுமதிக்கும் கால வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டு, தேதியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான கணக்குப்படி நீங்கள் கடிதம் எழுதிய அன்று 16 வாரம் 5 நாள். நேரம் இருக்கிறது, ஆனால் நின்று கொண்டிருக்கவில்லை. “தெரியவில்லை டாக்டர்” என்பது உங்கள் பதிலாக இருந்தால் அதுவும் சரிதான். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம், முடிவெடுக்கும் முன் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தையின் பெற்றோரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்வேன். இரவில் இணையத்தில் தேடிப் படிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். அறிவு வளர்ச்சியில் மிதமான பின்னடைவு இருக்கும். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு இருக்கும், அதில் பெரும்பாலானவற்றை அறுவைச் சிகிச்சையில் சரிசெய்துவிடலாம். நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் அவர்களின் சராசரி ஆயுள் இப்போது 60-ஐத் தொடுகிறது. இவை நூலில் இருப்பவை. வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை அந்தப் பெற்றோர்தான் சொல்ல முடியும்.

பாராசிட்டமாலும் மாமியாரும்

டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. நூற்றில் 95 பேருக்கு, முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் இது நேர்கிறது; பெரும்பாலும் முட்டையில். ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்று, பல ஆண்டுகள் கழித்துத் தொடர்பவை. ஆக, மூன்றாவது குரோமோசோம் வருவதாக இருந்தால் கரு உருவான கணத்திலேயே வந்திருக்கும். ஆறாவது வாரத்து மாத்திரையால் அதைக் கொண்டுவரவும் முடியாது, எடுத்துவிடவும் முடியாது. காய்ச்சலைத் தணித்தது நீங்கள் செய்த சரியான காரியம்.

பரம்பரை என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். நூற்றில் மூன்று நான்கு பேருக்குக் குரோமோசோம் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வரும். அதில் ஒரு பகுதி மட்டும் பெற்றோரிடமிருந்து வருவது. அது தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம். “எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை” என்பது உண்மையாகவே இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலான குழந்தைகளின் இரு பக்கத்திலும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பரிசோதனையும் சாதகமாக வந்தாலும், ‘குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை’ என்று அர்த்தமில்லை. உதட்டுப் பிளவையும் காது கேளாமையையும் இந்த ரத்தப் பரிசோதனை தேடுவதே இல்லை. பெற்றோர் இருவரும் நோய் வெளிப்படாமல் அதன் மரபணுவைச் சுமக்கும் கடத்திகளாக இருந்தால் வரும் தலசீமியா என்ற ரத்த நோய் போன்றவற்றுக்கும் பரிசோதனை வேறு. உங்கள் ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.பி. உயரவில்லை என்பதால், முதுகெலும்பு மூடாமல் இருக்கும் குறைபாட்டுக்கான வாய்ப்பு குறைவு. சிவப்பு வரிக்குக் கீழே கறுப்பில் இருந்த அந்த நல்ல வரியை உங்கள் வீட்டில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்து உங்களுடையது

ஊசிப் பரிசோதனைக்குக் கணவரும் மாமியாரும் சம்மதிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உடம்பில் செய்யும் பரிசோதனைக்குச் சம்மதம் தர வேண்டியவர் நீங்கள். அதற்கு முன் அதன் பயன், ஆபத்து, மாற்று வழி மூன்றையும் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை. வேண்டாம் என்று சொல்லவும், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது என்பதும் உங்கள் விருப்பம். வீட்டில் எல்லோரும் படித்தாயிற்று. இனி வருவதையாவது முதலில் நீங்களும் கணவரும் மட்டும் பாருங்கள்.

கணவர் “நீயே முடிவு செய்” என்று சொல்வதை நீங்கள் கைவிட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள். உங்கள் முடிவை மதிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். என் அறையில் இந்த வாக்கியத்தைச் சொன்ன ஆண்களில் பாதிப் பேர் உண்மையில் பயந்துபோயிருந்தவர்கள். “முடிவு நான் எடுக்கிறேன், ஆனால் அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் உள்ளே வந்து உட்கார வேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த 140 பேர் கூடத்தை அவர் காதாலும் கேட்கட்டும்.

கேள்வி கேட்பதால் மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். ஏ.எஃப்.பி. கூடினால்தான் கவலை என்று மருத்துவ உலகம் இருந்த காலம் ஒன்று உண்டு. குரோமோசோம் கோளாறுள்ள குழந்தையைப் பெற்ற ஒரு தாய், தன் பரிசோதனையில் அது மிகக் குறைவாக இருந்ததே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தன் மருத்துவரிடம் கேட்டார். அதைத் தேடிப் போனவர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான், உங்களுக்குச் செய்த இந்தப் பரிசோதனையே வளர்ந்தது.

கடைசியாக, அசைவு. எட்டாவது வாரத்தில் கலைந்த கர்ப்பத்தில் அசைவை உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்கு இதுதான் முதல் கர்ப்பம். முதல் கர்ப்பத்தில் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களுக்குள்தான் அசைவு தெரியும். சிலருக்கு இன்னும் சில நாள் தள்ளிப்போகும். நீங்கள் 18 வாரம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தீர்கள். உங்கள் குழந்தைக்கு அன்று 17 வாரம்கூட ஆகவில்லை.